கோவை ஸ்டுடியோக்களின் வாத்தியக் குழுவும் முதல் சாம்பிள் லைப்ரரியும்

தமிழ்த் திரையிசையின் வரலாற்றைக் கோடம்பாக்கத்திலிருந்து சொல்லியே பழகிவிட்டோம். அதன் தொடக்கக் கண்ணிகளில் முக்கியமான ஒன்று கோவையில் இருக்கிறது என்பது பெயரளவில் மட்டுமே நினைவில் நிற்கிறது. அந்தக் கண்ணியை மறுபடி எடுத்துப் பார்க்க இன்று ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. கோவையின் பீளமேட்டில் பொறியியலோ காட்சித் தொடர்பியலோ படித்துக்கொண்டு, நண்பர்களின் குறும்படங்களுக்கு இசையமைக்கத் தொடங்கும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். ஒரு லேப்டாப், ஒரு சின்ன மிடி கீபோர்டு, ஒரு ஹெட்போன் என்று ஆரம்பிக்கும் அவர்கள் எல்லோரும் முதலில் தடுமாறி நிற்கும் இடம் ஒன்றுதான்: வாத்தியங்களின் ஒலியைச் சுரம் சுரமாகப் பதிந்து வைத்த ஆர்க்கெஸ்ட்ரா சாம்பிள் லைப்ரரிகளில் எதை முதலில் வாங்குவது? உலகத்தின் பெரிய வாத்தியக் குழுக்களின் ஒலியெல்லாம் விலைப்பட்டியலாகக் கண்முன் விரியும்போது, இருப்பதிலேயே பெரியதை வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று தோன்றுவது இயல்பு. அது தவறான முடிவு என்பதே என் வாதம். முதல் லைப்ரரி சிறியதாக இருக்க வேண்டும், ஆனால் முழுமையாக இருக்க வேண்டும், நெடுநாள் மாறாமல் கையில் இருக்க வேண்டும். இதற்கான சான்று பீளமேட்டிலிருந்து சில மைல் தொலைவில் இயங்கிய ஸ்டுடியோக்களின் கதையிலேயே கிடைக்கிறது.

கோவைக்குச் சினிமா வந்தது சாமிக்கண்ணு வின்சென்ட்டின் கையில். ரயில்வே ஊழியராக இருந்து, 1905இல் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகச் சென்றவர், 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டினார். 1932இல் பைக்காரா மின் திட்டம் இயங்கத் தொடங்கியது. அதையொட்டிப் பஞ்சாலைகள் பெருகின; ஆலைகள் ஈட்டிய பணத்தில் ஒரு பகுதி படத்தொழிலுக்குத் திரும்பியது. 1930களின் நடுவில் திருச்சி சாலையில் சிங்காநல்லூர்ப் பக்கம் சென்ட்ரல் ஸ்டுடியோஸ் எழுந்தது. முசிறி சுப்பிரமணிய ஐயர் நடித்த ஒரே படமான ‘துக்காராம்’ 1938இல் அங்கிருந்து வந்தது. பிரீமியர் சினிடோன் என்ற இன்னொரு படப்பிடிப்புத் தளத்தை 1945 வாக்கில் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு எடுத்துப் பட்சிராஜா ஸ்டுடியோஸ் ஆக்கினார். மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ (1944), எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947), அண்ணாவின் ‘வேலைக்காரி’ (1949), குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற ‘மலைக்கள்ளன்’ (1954) எல்லாம் கோவைத் தளங்களில் உருவானவை. ஜூபிடர் பிக்சர்ஸ் பல ஆண்டுகள் சென்ட்ரல் ஸ்டுடியோவில்தான் படமெடுத்தது. படத்துக்கு வேண்டிய எல்லாமே ஊருக்குள் இருந்தன. வாத்தியக் குழுவும் இருந்தது.

அந்தக் குழுவின் இயல்பைக் கவனிக்க வேண்டும். அன்றைய ஸ்டுடியோ முறையில் நடிகர் முதல் தச்சர் வரை மாதச் சம்பளக்காரர்கள்; வாத்தியக்காரர்களும் அப்படியே. ஆர்மோனியம், சில வயலின்கள், புல்லாங்குழல், கிளாரினெட், வீணை, பியானோ, தபலா, மிருதங்கம் என்ற அளவில் கூட்டம் முடிந்துவிடும். ஒலிப்பதிவு ஒற்றைத் தடத்தில் நடந்தது. இன்று போலப் பத்து வாத்தியத்தைப் பத்துத் தடத்தில் பதிந்துவிட்டுப் பிறகு கூட்டிக் குறைக்க வழியில்லை. ஒலியின் அளவை முடிவுசெய்தது மைக்கிலிருந்து ஒருவர் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தார் என்பதுதான். பாடகர் மைக்கின் அருகே, புல்லாங்குழலும் வீணையும் அடுத்து, கிளாரினெட் தள்ளி, தோல் வாத்தியங்கள் இன்னும் பின்னால். கிளாரினெட்காரர் இரண்டடி முன்னே நகர்ந்தால் வீணை காணாமல் போகும். எடுத்த எடுப்பை மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ஆகவே இசையமைப்பாளர் பேனாவை எடுக்கும்போதே எந்த வாத்தியம் எதை மறைக்கும், எது எங்கே ஒதுங்க வேண்டும் என்பதை மனத்தில் தீர்த்தாக வேண்டியிருந்தது. மெட்டுப் போடுவது ஒரு வேலை, வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது வேறு வேலை என்பதை அந்தக் காலம் அறிந்திருந்தது. ‘ஹரிதாஸ்’ படத்தில் பாபநாசம் சிவன் பாட்டையும் மெட்டையும் பார்த்துக்கொள்ள, வாத்திய அமைப்பை ஜி. ராமநாதன் கவனித்தார்.

இந்தச் சூழலில்தான் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928இல் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதன் வந்து சேர்ந்தார். ஜூபிடர் கம்பெனியில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த சிறுவனை எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசைப் பிரிவு இழுத்துக்கொண்டது. வித்வான்களுக்கு வேண்டியதைச் செய்தபடியே அவர் ஒத்திகைகளைக் கேட்டார்; பிறகு ஆர்மோனியத்தில் உட்கார்ந்தார்; ‘அபிமன்யு’ (1948) படத்துப் பாடல் ஒன்றின் மெட்டு அவர் போட்டது என்பது பின்னாளில் வெளிவந்து நிலைத்த செய்தி. ஜூபிடர் சென்னைக்குப் போனபோது சுப்பையா நாயுடு அவரை இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனிடம் சேர்த்துவிட்டார். 1952இல் சுப்பராமன் மறைந்ததும், பாதியில் நின்ற படங்களை விஸ்வநாதனும் வயலின் கலைஞர் டி.கே. ராமமூர்த்தியும் முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டில் வந்த ‘பணம்’ முதல் 1965 வரை அந்த இரட்டையர் தமிழ்ப் பாடலின் வாத்திய அமைப்பையே மாற்றினார்கள். சுப்பையா நாயுடுவின் குழுவில் தேர்ந்த இன்னொருவர் ஜி.கே. வெங்கடேஷ், அவரிடம் கிட்டார் வாசித்து உதவியாளராக இருந்தவர் இளையராஜா, இளையராஜாவிடம் கீபோர்டு வாசித்தவர் ஏ.ஆர். ரஹ்மான். எல்லாப் பெருமையையும் கோவைக்கே எழுதிவிட முடியாது. ஆனால் இந்த வரிசையின் தொடக்கத்தில் இருந்தது ஒரு சின்னக் குழு என்பது உறுதி. அதே ஆட்கள், அதே வாத்தியங்கள், தினசரி வேலை. ஒரு வயலின்காரர் எந்த இடத்தில் சோர்வார், புல்லாங்குழல் எந்த ஸ்தாயியில் மெலியும் என்பதையெல்லாம் கற்பவர் ஆண்டுக்கணக்கில் ஒரே கூட்டத்திடமிருந்து தெரிந்துகொண்டார்.

திறமைசாலிகள் எங்கிருந்தாலும் மேலே வந்திருப்பார்கள், குழுவின் அளவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தனி மனிதரின் திறமையை மறுக்கவில்லை. ஆனால் இதே அமைப்பு வேறு இடங்களிலும் இதே பலனைத் தந்தது. ஏவி.எம்மின் இசைப் பிரிவில் ஆர். சுதர்சனமும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் ஜி. ராமநாதனும் கையெட்டும் தூரத்தில் இருந்த ஒரு குழுவை வைத்துத்தான் தங்கள் பாணியை வளர்த்தார்கள். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா அவர்களுக்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, அடியும் நுனியும் தெரிந்த ஒரு குழு.

1950களில் படத்தொழில் சென்னையில் குவிந்தது. ஜூபிடர் போனது, சென்ட்ரல் ஸ்டுடியோ அடங்கியது, ஸ்ரீராமுலு நாயுடு பிறகு பெங்களூருக்குச் சென்றார். மாதச் சம்பள முறை மறைந்து கால்ஷீட் முறை வந்தது. எம்.பி. சீனிவாசன் முன்னின்று திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கண்டார். 1976இல் ‘அன்னக்கிளி’யுடன் வந்த இளையராஜா மேற்கத்திய சுரக்குறிப்பில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே எழுதிக் கொடுத்தபோது, சென்னையின் வயலின் வரிசை அதன் உச்சத்தைத் தொட்டது. இதெல்லாம் தமிழ் இசைக்கு லாபம், கோவைக்கு நட்டம். கொங்கு நாட்டில் ஒருவர் தான் எழுதிய நான்கு சுவரம் பல வயலின்களில் எப்படி ஒலிக்கும் என்று கேட்க வேண்டுமானால், இரவு ரயிலேறிச் சென்னைக்குப் போய், அங்கே யாருடைய குழுவிலாவது இடம்பிடித்து, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றானது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இந்த நிலை நீடித்தது. சாம்பிள் லைப்ரரியின் அருமை இந்த இடைவெளியை நினைத்தால்தான் புரியும்.

அந்தத் தொழில்நுட்பத்தின் வரலாறும் சிறிதில் தொடங்கியதுதான். 1963இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் வந்த மெலோட்ரான் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடாவை வைத்திருந்தது. கட்டையை அழுத்தினால் பதிந்த வயலினோ புல்லாங்குழலோ ஒலிக்கும். எட்டு விநாடியில் நாடா முடிந்துவிடும். 1979இல் ஆஸ்திரேலியாவின் ஃபேர்லைட் ஒலியைக் கணினி எண்களாக்கி வைத்தது. ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘ஃபயர்பேர்ட்’ இசையிலிருந்து எடுத்த, ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் ஒரே அடியாக ஒலிக்கும் ஒரு துணுக்கு அதில் இருந்தது. அந்த ஒரு துணுக்கு எண்பதுகளின் எத்தனையோ பாடல்களில் கேட்டது. 1981இல் எமுலேட்டர் என்ற சாம்பிளர் வந்தது. 1983இல் இசைக் கருவிகளையும் கணினியையும் இணைக்கும் மிடி வந்தது. 1992இல் ‘ரோஜா’வுக்குள் நுழைந்த ரஹ்மான் தன் வீட்டு ஸ்டுடியோவிலிருந்தே ஒரு படத்தின் ஒலியை உருவாக்க முடியும் என்று தமிழ்நாட்டுக்குக் காட்டினார். 2000இல் செல்லோ கலைஞர் ஹெர்ப் டுக்மாண்டல் வியன்னா சிம்ஃபோனிக் லைப்ரரியைத் தொடங்கியபோது புதிதாகச் சேர்ந்தது ஒரு நுணுக்கம்: தனிச் சுரங்களோடு நிற்காமல், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வில் எடுக்காமல் நகரும் அந்த நகர்வையும் பதிந்தார்கள்.

ஒரு லைப்ரரிக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒரே ஒரு சுரத்தை வைத்துப் பார்க்கலாம். வயலின் வரிசையின் நடு ஸ்தாயி பஞ்சமம் என்று வைத்துக்கொள்வோம். அதை மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று பல அழுத்தத்தில் தனித்தனியே வாசிக்கச் சொல்லிப் பதிகிறார்கள். பிறகு அதையே நீட்டி, வெட்டி, வில்லைத் துள்ளவிட்டு, விரலால் மீட்டி, வில்லை நடுக்கி. குறுகிய சுரங்களை ஒவ்வொன்றும் மூன்று நான்கு முறை. ஒரே பதிவு அடுத்தடுத்து வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும் என்பதால். இதையெல்லாம் பல மைக்குகளில், அருகிலும் தொலைவிலும். ஒரு சுரத்துக்கே இத்தனை என்றால் முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். லண்டன் மைடா வேல் ஸ்டுடியோவில் பதிவான ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா லைப்ரரியில் பெரிய பதிப்பு ஏறத்தாழ 600 ஜிபி. 2020இல் வந்த அதன் சின்னப் பதிப்பான ‘டிஸ்கவர்’ சுமார் 200 எம்பி. அதே கலைஞர்கள், அதே கூடம், ஆர்க்கெஸ்ட்ராவின் எல்லாக் குடும்பங்களும் இரண்டிலும் உண்டு. மைக் தெரிவுகளும் வாசிப்பு வகைகளும் அழுத்த அடுக்குகளும்தான் சின்னதில் குறைவு.

முதன்முதலில் வாங்குபவர் இந்த இரண்டில் இரண்டாவது வகையை எடுக்க வேண்டும் என்கிறேன். எந்த நிறுவனத்தினுடையது என்பது அவரவர் விருப்பம். பார்க்க வேண்டியவை சில. தந்தி, மரத்துளை, பித்தளை, தாளம் என்ற நான்கு குடும்பமும் ஒரே தொகுப்பில் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே கூடத்தில், அவரவர் இருக்கையில் உட்கார்ந்து வாசித்ததாக இருந்தால், மைக்கிலிருந்து எட்ட உட்கார்ந்த கிளாரினெட்டின் பாடம் கற்பவருக்குத் தானாகவே கிடைக்கும். நீட்டல், வெட்டல், மீட்டல் என்ற மூன்று வகையாவது ஒவ்வொரு தந்தி வாத்தியத்துக்கும் வேண்டும். 8 ஜிபி நினைவகமுள்ள லேப்டாப் திணறாமல் எல்லா வாத்தியத்தையும் ஒருசேரத் திறக்க வேண்டும். விரல் வைத்தாலே முழுத் தொடரை வாசித்துவிடும் தயார்நிலைத் துணுக்குகளை நம்பியிருக்கும் தொகுப்பு முதல் தேர்வுக்கு ஆகாது. எழுதும் வேலையை அது தானே செய்துவிடும். கற்பவருக்கு மிச்சம் எதுவும் இருக்காது. சிறியதை முழுதாகத் தெரிந்துகொண்டு தொடங்கும் இந்த வழி பீளமேட்டுக்குப் புதிதல்ல. இந்தியாவின் முதல் மின் மோட்டார் என்று சொல்லப்படுவது 1937இல் பீளமேட்டின் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸிலிருந்து வந்தது, ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் டி. பாலசுந்தரம் நாயுடு அதை வடிவமைத்தார். பெரிய ஆலைக்கான இயந்திரத்தில் அவர்கள் தொடங்கவில்லை. முழுதாக ஓடும் ஒரு மோட்டாரைச் செய்து, அதன் ஒவ்வொரு பாகத்தையும் தெரிந்துகொண்ட பிறகுதான் இந்த ஊரின் பம்ப்செட் தொழில் வளர்ந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குறும்பட இயக்குநர் கேட்பது பயிற்சி இல்லை, முடிந்த இசை. சின்ன லைப்ரரியின் மெலிந்த ஒலியைக் கேட்டால் அவர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார். கையில் வேலையும் தேதியும் வந்துவிட்ட ஒருவருக்கு இது நியாயமான கவலை. அவர் பெரியதை வாங்கட்டும். ஆனால் ஒலி மெலிவதற்குக் காரணம் பெரும்பாலும் தொகுப்பின் அளவு அல்ல, எழுதிய விதம். வயலின், வயோலா, செல்லோ மூன்றையும் ஒரே ஸ்தாயியில் நெருக்கி எழுதினால் 600 ஜிபியிலும் அது கலங்கலாகத்தான் கேட்கும். நீண்ட சுரத்துக்கு ஏற்ற இறக்கம் கொடுக்காமல் விட்டால் எந்த விலைக்கு வாங்கிய வயலினும் ஆர்மோனியம் ஆகிவிடும். சுப்பையா நாயுடு காலத்து ஒலிப்பதிவு இன்றைய காதுக்கு மங்கலாகவே இருக்கிறது. ஆனாலும் வாத்தியங்கள் ஒன்றையொன்று மறைக்காமல் வந்து போவதைத் தெளிவாகப் பின்தொடர முடிகிறது. அந்தத் தெளிவை எழுத்துதான் தருகிறது. எந்தக் கடையிலும் அதை விலைக்கு வாங்க முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. கோவை ஸ்டுடியோவில் கற்றுத் தந்தவர்கள் மனிதர்கள். வாசிக்க முடியாத ஒன்றை எழுதினால் வயலின்காரர் வில்லைக் கீழே வைத்துவிடுவார். ஹார்டு டிஸ்க் எதையும் மறுக்காது. மூச்சே விடாமல் இரண்டு நிமிடம் ஊதச் சொன்னாலும் ஊதும். இது உண்மை. இந்தக் குறைக்கு மருந்து லைப்ரரிக்கு வெளியேதான் இருக்கிறது: எழுதியதைச் சுரக்குறிப்பாக அச்செடுத்து, ஒரு வயலின் கலைஞரிடம் காட்டி வாசிக்கச் சொல்ல வேண்டும். கோவையில் சபாக்கள் இருக்கின்றன, இசைப் பள்ளிகள் இருக்கின்றன, தேவாலயப் பாடகர் குழுக்கள் இருக்கின்றன. ஆள் கிடைக்காத ஊர் இல்லை இது. வாத்தியம் ஒன்றுக்கு மூன்று வாசிப்பு வகை மட்டுமே இருக்கும் சின்னத் தொகுப்பில் எழுதியதைக் கலைஞரிடம் கொண்டுபோவது எளிது. நூறு வகையில் நுண்ணிழை கோத்து எழுதியதைக் கணினிக்கு வெளியே எடுத்துவருவது கடினம். அந்த வகையிலும் சிறியதே மனிதரிடம் கொண்டு சேர்க்கிறது.

வியன்னாவிலும் லண்டனிலும் பதிந்த ஒலி கொங்கு மண்ணுக்கு எதற்கு என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. அந்தத் தொகுப்புகளில் தோடியின் அசைந்த காந்தாரம் இல்லை. பதிந்த நகர்வுகளெல்லாம் நிலையான சுரத்திலிருந்து நிலையான சுரத்துக்குப் போவன. சென்னை வயலின் வரிசைக்குத் தனிக்குணம் வந்ததற்குக் கர்நாடக இசையில் ஊறிய விரல்கள் மேற்கத்தியக் குறிப்பை வாசித்ததும் ஒரு காரணம். அந்த விரல் லைப்ரரியில் வராது. ஆனால் வயலினே வெளியிலிருந்து வந்தது. பாலுசாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்து இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. கிளாரினெட் நடனக் கச்சேரியின் சின்னமேளத்தில் புகுந்து, ஏ.கே.சி. நடராஜன் கையில் தனிக் கச்சேரி வாத்தியமாக நின்றது. வெளியிலிருந்து வந்ததை ஏற்றுக்கொள்வது நமக்குப் பழக்கம். நம்முடையதை அதோடு சேர்ப்பதுதான் அடுத்த வேலை. எந்தத் தொகுப்பிலும் டிம்பனி இருக்கும், கொங்கு நாட்டுத் தோல் வாத்தியமான துடும்பு இருக்காது. பெரியநாயக்கன்பாளையத்திலோ அன்னூரிலோ திருவிழாவுக்கு வரும் துடும்புக் குழுவிடம் அனுமதி கேட்டு, உரிய கூலி கொடுத்து, ஒவ்வொரு அடியையும் மென்மையாகவும் வலுவாகவும் நான்கைந்து முறை பதிந்துகொண்டால் அதுவே ஒரு சாம்பிள் லைப்ரரி. சின்னத் தொகுப்பைக் கையாண்டு அது எப்படிக் கட்டப்பட்டது என்று புரிந்தவருக்கு இது கைவரும்.

இவை எல்லாவற்றையும் விடக் கடினமான மறுப்பு, வேலையிழந்த கலைஞர்களுடையது. கீபோர்டும் சாம்பிளரும் வந்த பிறகு சென்னையில் வயலின் கால்ஷீட்டுகள் குறைந்தன. அதே காலத்தில் ‘ஹே ராம்’ (2000), ‘திருவாசகம்’ (2005) போன்ற பெரும் பணிகள் புடாபெஸ்ட்டில் பதிவாயின. 1982இல் லண்டன் இசைக்கலைஞர் சங்கக் கிளை சிந்தசைசருக்குத் தடை கேட்டுத் தீர்மானமே நிறைவேற்றியது. அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. லைப்ரரி வாங்கும் ஒவ்வொருவரும் இந்த நட்டத்தில் சிறு பங்குக்குப் பொறுப்பு. ஆனால் பீளமேட்டு இளைஞர் சாம்பிளைத் தொடாமல் இருந்தாலும் அவருக்கு அறுபது பேர் ஆர்க்கெஸ்ட்ரா கிடைக்கப்போவதில்லை; அவர் எழுதவே மாட்டார், அவ்வளவுதான். அவர் செய்யக்கூடியது இரண்டு. திருட்டுப் பதிப்பைத் தொடாமல் இருப்பது முதலாவது. இலவசமாகவே கிடைக்கும் நேர்மையான தொகுப்புகள் இருக்கும்போது அதற்கு எந்தச் சாக்கும் இல்லை. பெரிய தொகுப்புக்கு ஆகும் பணத்தில் ஒரு பகுதியை, தன் இசையின் முக்கிய வரியை வாசிக்க ஒரே ஒரு உயிருள்ள கலைஞருக்குக் கொடுப்பது இரண்டாவது. சாம்பிள் வரிசையின் மேல் உண்மையான ஒற்றை வயலின் சேர்ந்தாலே முழு வரிசையும் உயிர்பெறும்; இது தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்த முறை.

கோவை தன் வாத்தியக் குழுவை ஒருமுறை இழந்தது. அதற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல, தொழில் ஊரைவிட்டுப் போனது. இப்போது குழுவின் ஒலி மட்டும் திரும்பி வந்திருக்கிறது, குழு வரவில்லை. அந்த ஒலியை ஒரு பொருளாக வாங்கிக் குவிப்பவருக்கு அது பொருளாகவே இருக்கும். அதைச் சுப்பையா நாயுடுவின் இசைப் பிரிவைப்போல, எல்லை தெரிந்த ஒரு சின்னக் கூட்டமாக வைத்துக்கொண்டு, அதே இருபது முப்பது வாத்தியத்துக்கு ஓரிரண்டு ஆண்டு எழுதித் தேறியவர்களிடமிருந்து கலைஞர்கள் உட்கார்ந்து வாசிக்கத்தக்க இசை வரும். அப்படி எழுதுபவர்கள் பத்துப் பேர் இந்த ஊரில் இருந்தால், அவர்கள் எழுதியதை வாசிக்க ஒரு குழுவைக் கூட்டுவதற்குக் காரணமும் ஊரிலேயே பிறக்கும். முதல் லைப்ரரியைத் தேர்ந்தெடுப்பதை ஒரு கடைத்தெரு விவகாரமாக விட்டுவிடக் கூடாது என்று நான் சொல்வது அதற்காகத்தான்.